நம்பரே பெயராகிப்போன மலை
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சர்வே கேம்ப்பில் தியோடலைட்டைச் சுமந்து வெயிலில் காய்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் கே-2 சிகரத்தைப் பற்றிப் பேச வந்தேன். உயரம் 8,611 மீட்டர், எவரெஸ்டுக்கு அடுத்தது. ஏறுவதற்கோ எவரெஸ்டை விடக் கடினம்.

1802-ல் நம்ம பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண சர்வே, 1856-க்குள் காஷ்மீரை எட்டிவிட்டது. மான்ட்கோமரி என்ற ராணுவ என்ஜினியர் ஹரமுக் மலையில் நின்று, சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த இரண்டு சிகரங்களை வரைந்து கே-1, கே-2 என்று குறித்தார். கே என்றால் காரகோரம். நாம் டிராயிங்குக்கு நம்பர் போடுவோமே, அந்த மாதிரி! உள்ளூர்ப் பெயர் இருந்தால் அதையே வைப்பது சர்வே வழக்கம். கே-1 மஷெர்புரும் ஆனது. கே-2வோ கடைசிக் கிராமமான அஸ்கோலேயிலிருந்து கண்ணுக்கே தெரியாது. பார்க்காத மலைக்கு யார் சார் பெயர் வைப்பார்கள்? காட்வின் ஆஸ்டின் என்ற சர்வேயரின் பெயரைச் சூட்டப் பார்த்தார்கள். ராயல் புவியியல் சங்கம் ஏற்கவில்லை. நம்பரே நின்றுவிட்டது.

ஏறுவதற்கான முதல் பெரிய முயற்சி 1902-ல். 1939-ல் மேலே சிக்கிக்கொண்ட ஓர் அமெரிக்கரை மீட்கப் போன மூன்று ஷெர்பாக்கள் திரும்பவேயில்லை. 1954 ஜூலை 31-ல் கொம்பன்யோனி, லாச்செடெல்லி என்ற இரண்டு இத்தாலியர்கள் உச்சியைத் தொட்டார்கள். புத்தகங்களில் இந்த இரண்டு பெயர்கள்தான்.

முந்தின நாள் அவர்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சுமந்து போனவர்கள் வால்டர் பொனாட்டியும், ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மஹ்தியும். பேசிவைத்த இடத்தில் கூடாரம் இல்லை. இன்னும் மேலே போட்டிருந்தார்கள். இருட்டிவிட்டது. 8,100 மீட்டர் உயரத்தில், கூடாரமும் இல்லாமல், போர்வையும் இல்லாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். மஹ்திக்குக் கால்விரல்கள் போயின. பழியோ பொனாட்டி மேல் விழுந்தது. அவர் சொன்னதே சரி என்று இத்தாலிய மலையேற்றச் சங்கம் ஒப்புக்கொள்ள ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டிராயிங்கில் வரைந்தவருக்கு ஒரு கட்டம், சரிபார்த்தவருக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். சுமந்தவருக்கு எங்கே கட்டம்?

8,000 மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களில் குளிர்காலத்தில் யாரும் ஏறாமல் மிஞ்சியிருந்தது கே-2 ஒன்றுதான். 2021 ஜனவரி 16-ல் பத்து நேபாளிகள் ஏறினார்கள். ஒன்பது பேர் ஷெர்பாக்கள். முன்னால் போனவர்கள் உச்சிக்குச் சில மீட்டர் கீழே நின்று, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்கள். பத்துப் பேரும் சேர்ந்த பிறகு, தேசிய கீதம் பாடிக்கொண்டே ஒன்றாக மேலே நடந்தார்கள். முதலில் கால் வைத்தவர் யார் என்று வினாடி வினாவில் கேட்கவே முடியாது.

மணி அடித்துவிட்டார்கள்.