சொல்லாடும் மன்றமும் நாடாளும் மன்றமும்



மாணவர் சொற்போரை வெறும் பொழுதுபோக்கெனக் கருதிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஆக்சுபோர்டு மாணவர் 1823-இல் ஒரு சொற்போர் மன்றம் நிறுவினர். அதன் தலைவராயிருந்த கிளாட்சுட்டனும் ஆசுக்குவித்தும் பின்னாளில் தலைமையமைச்சராயினர். ஆட்சிக்கு நாற்றங்கால் அது!

அந் நாற்றங்காலில் பெண்ணுக்கு இடமிருந்ததா? 1920-இல் அப் பல்கலைக்கழகம் பெண்டிர்க்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது. 1928-இல் ஆடவர்க்கு நிகரான வாக்குரிமையும் வந்தது. மன்றமோ 1963 வரை அவர்களை உறுப்பினராக ஏற்கவில்லை! நாடாள்வோரைத் தேரலாம், மாணவர் மன்றத்தில் மட்டும் உறுப்பினராகக் கூடாதாம். நல்ல வேடிக்கை! 1940-களில் அங்குப் பயின்ற மார்கரெட்டு தாட்சரும் அம் மன்றத்திற்கு வெளியேதான் நின்றார். தம் கட்சியின் மாணவர் கழகத்திற்கு 1946-இல் தலைவரானார், 1979-இல் தலைமையமைச்சரானார்.

"கதவடைத்தும் வந்துவிட்டாரே!" என்பீர்கள். வந்தவர் ஒருவர், வாராது போனவர்களை எண்ணியவர் யார்?

கதவு திறந்த ஐந்தாம் ஆண்டிலேயே, 1968-இல், செரால்டின் சோன்சு என்னும் பெண் அம் மன்றத் தலைவரானார். 1977-இல் பேனசீர் பூட்டோ தலைவரானார். அவரே 1988-இல் பாக்கித்தானின் தலைமையமைச்சர். திறமை முன்னரே இருந்தது, நுழைவுதான் இல்லை.

இங்கே கதவு திறந்தே கிடக்கிறது. ஆயினும், வரவேற்புரையும் நன்றியுரையும் மாணவியர்க்கு, வழக்காடல் மாணவர்க்கு என்று நிகழ்ச்சிநிரல் வகுப்பது எவர் கை? 2021-இல் தமிழகச் சட்டமன்றத்திற்குத் தேர்வான 234 பேரில் பெண்டிர் 12 பேரே! அடுத்த சொற்போரை ஒரு மாணவி தொடங்கட்டும். மறுத்துரைக்கவும் ஒரு மாணவியை அழையுங்கள்.