எழுபத்திரண்டு வயதில் துடுப்புப் பிடித்தேன்

(கிளை ஆண்டு விழாவில், ‘நாம் பார்த்த இடங்கள்’ வரிசையில் அங்கத்தினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருஷம் இதே வரிசையில் ஒருவர் காசி யாத்திரையைப் பற்றியும், அதற்கு முந்தின வருஷம் ஒரு மாமி நவ திருப்பதியைப் பற்றியும் பேசினார்கள். நான் பேசப்போவது க்ஷேத்திராடனம் இல்லை. கயாக் என்று ஒரு சிறு படகு. அதில் ஏறி நெய்யாற்றின் முகத்துவாரத்திலும், அதை ஒட்டிய பழைய வாய்க்காலிலும் இரண்டரை மணி நேரம் போய் வந்த கதை. செயலாளர் தலைப்பைக் கேட்டுவிட்டு, “மாமா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?” என்றார். தெரியாது. நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

எங்கள் பூர்வீகம் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு கிராமம். இன்று கேரளம். ஐந்தாறு மைல் தெற்கே போனால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ம் தேதி எல்லை பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் ஆத்துக்குள் பேசும் பாஷை மாறவில்லை. சந்தையில் மலையாளம், சமையலறையில் தமிழ். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவது இந்த வழியாகத்தான். இன்றைக்கும் வருஷா வருஷம் அந்த எல்லையைத் தாண்டிப் போகிறார்கள். பாறசாலை என்றதும் உங்களில் சங்கீத ரசிகர்களுக்கு ஞாபகம் வருவது பொன்னம்மாள் மாமி. 2006-ல் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணி. 2021-ல் காலமானார். அந்த மண் அப்படிப்பட்ட மண்.

அந்த மண்ணில் பிறந்தும் எனக்கு ஆறு அந்நியம். காரணம் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு அண்ணா இருந்தான். என்னைவிட நாலு வயது பெரியவன். 1962-ல் இடவப்பாதி மழை பிடித்த ஜூன் மாசம், ஸ்கூல் திறந்த வாரம், சிநேகிதர்களோடு நெய்யாற்றில் குளிக்கப் போனான். அவர்கள் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. மறுநாள் சாயங்காலம் கீழ்த்துறையில் கிடைத்தான். பூணூல் போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா என்னைக் கூப்பிட்டு, “ஆத்துப் பக்கம் போனியோ, நான் உசிரோட இருக்க மாட்டேன்” என்றாள். அதற்கப்புறம் கிணற்றடிதான் எனக்கு ஸ்நானத் துறை. ஆடி அமாவாசைக்கு அப்பா ஆற்றில் தர்ப்பணம் செய்யப் போனால்கூட நான் படிக்கட்டின் மேல்படியில் நின்றுகொண்டிருப்பேன். வேலை கிடைத்து வடக்கே போனேன். கல்யாணம், குழந்தைகள், ரிடையர்மெண்ட். நீச்சல் கற்றுக்கொள்ளவே இல்லை. அதைவிடப் பெரிய தப்பு, என் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.

பேரன் பெங்களூரில் காலேஜ் படிக்கிறான். சென்ற ஜனவரியில் கிராமத்துக் கோயிலில் ஒரு பிரார்த்தனைக்காகப் போனோம். போன காரியம் முதல் நாளே முடிந்தது. இரண்டாம் நாள் அவனுக்குப் பொழுது போகவில்லை. பூவாரில் கயாக்கில் கூட்டிப்போகிறார்கள், கைடு உண்டு, காலை ஆறரைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றான். “போய்ட்டு வாடா, ஜாக்கிரதை” என்றேன். “ரெண்டு பேருக்குப் பணம் கட்டிட்டேன் தாத்தா” என்றான். என் அகத்துக்காரி, “ஏன்னா, இந்த வயசுல உங்களுக்கு இது வேணுமா?” என்றாள். நியாயமான கேள்வி. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனைத் தனியாக அனுப்பிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். அது அம்மா உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. கூடப் போவதே மேல் என்று கிளம்பிவிட்டேன்.

பூவார் என்பது நெய்யாறு கடலில் சேரும் இடம். அகஸ்தியர் மலையில் பிறந்து ஐம்பத்தாறு கிலோமீட்டர் ஓடிவந்து இங்கே சங்கமம். வழியில்தான் அருவிப்புறம், 1888-ல் ஸ்ரீ நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்த இடம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலும் இந்த ஆற்றை ஒட்டித்தான். எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் பலா மரம், அம்மச்சிப் பிலாவு, அந்தக் கோயில் வளாகத்தில் இருக்கிறது.

கைடு முப்பது வயதுப் பையன், மீனவக் குடும்பம். முதலில் லைஃப் ஜாக்கெட். மாட்டி, வார்களை இழுத்துக் கட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். “சாரே, இது காது வரைக்கும் ஏறினா லூஸ். ஏறக்கூடாது” என்றான். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டினான். பிறகு துடுப்புப் பாடம். இரண்டு பக்கமும் அலகு உள்ள துடுப்பு. ஒருமுறை வலம், ஒருமுறை இடம். முன்னால் உட்காருகிறவர் தாளம் போட வேண்டும், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துச் சேர்ந்து போட வேண்டும். திருப்புகிற வேலை பின்னால் இருப்பவருக்கு. நான் முன்னால், பேரன் பின்னால். கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே சொன்னான்: படகை விட்டு நீந்தப் பார்க்காதே, படகையே பிடித்துக்கொள், அது முழுகாது. கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டானே என்று ஒரு தைரியமும் வந்தது.

இந்தக் கயாக் ஆர்க்டிக் பனிக்கடல் ஜனங்கள் ஸீல் தோலால் கட்டி வேட்டைக்குப் போன படகு. இன்று பிளாஸ்டிக்கில் செய்து உலகமெல்லாம் விடுகிறார்கள். நம் தோணியைவிடத் தாழ்வு. உட்கார்ந்தால் தண்ணீர் மட்டம் இடுப்புக்குப் பக்கத்தில். கையை நீட்டினால் ஆறு. அறுபது வருஷமாக மேல்படியில் நின்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் நான் துடுப்புப் போடவில்லை. துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பின்னாலிருந்து பேரன், “தாத்தா, ஆதி தாளம் போடுங்கோ, நான் ஃபாலோ பண்றேன்” என்றான். சிரிப்பு வந்தது. சிரித்ததும் பிடி தளர்ந்தது. படகு நேராகப் போயிற்று.

பொழி முகத்துக்கு, அதாவது ஆறும் கடலும் முட்டும் மணல் வாய்க்கு, கிட்டவே கைடு விடவில்லை. ஓதம் இறங்கும்போது கடல் உள்ளே இழுத்துவிடும் என்றான். தூரத்திலிருந்து அலைச் சத்தம் மட்டும். திரும்பி கண்டல் காட்டுக்குள் போனோம். இரண்டு பக்கமும் வேர்கள், கைதைப் புதர், தலைக்கு மேலே தென்னை. மீன்கொத்தி, நீர்க்காகம், வானத்தில் கருடன். மோட்டார் படகு போனால் இவை பறந்துவிடும். நாங்கள் போனபோது பறக்கவில்லை.

அதன் பிறகுதான் வாய்க்கால். சரித்திரத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இதன் பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். அனந்தபத்மநாபன், விக்டோரியா மகாராணி, மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, மூன்று பெயரும் சேர்த்து வைத்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகிலேயே போக வேண்டும் என்பது திட்டம். 1860-ல் தொடங்கினார்கள். திவான், கும்பகோணத்துக்காரரான சர் டி. மாதவராவ். அதே வருஷம் ஆகஸ்டில் மகாராஜா காலமானார். பூவாரிலிருந்து தெற்கே குளச்சல், மண்டைக்காடு பக்கம் வரை பகுதி பகுதியாக வெட்டினார்கள். கன்னியாகுமரிக்குப் போய்ச் சேரவே இல்லை. இருந்தாலும் வெட்டிய மட்டும் உப்பும் கொப்பரையும் கயிறும் இதில்தான் போயின. பிறகு ரோடு வந்தது, லாரி வந்தது. 1979-ல் எங்கள் ஊர் வழியாகக் கன்னியாகுமரி ரயிலும் வந்தது. வாய்க்காலை எல்லாரும் மறந்தார்கள்.

அரை மணி நேரம் அதில் போனோம். போகப் போகத் தண்ணீர் குறைந்து ஆகாயத்தாமரை மூடியிருந்தது. துடுப்பு சிக்கியது. இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தேன், படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் மடிக்குள் வந்தது. எனக்கு அந்த ஜூன் மாசம் ஞாபகம் வந்துவிட்டது. கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. கைடு பக்கத்தில் வந்து படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “சாரே, துடுப்பை விடுங்க. இழுக்கண்டா. சும்மா இருங்க, படகு தானா நிமிரும்” என்றான். விட்டேன். நிமிர்ந்தது. துடுப்பில் சுற்றியிருந்ததைப் பேரன் எடுத்துக் காட்டினான். கொடி மட்டுமில்லை; ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வாடிய பூமாலை, வில்வம், ஒரு பழைய சுவாமி படம். யாரோ பக்தியோடு ஜலத்தில் விட்டது.

வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அப்படி விட்டிருக்கிறேன். நிர்மால்யத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று பையோடு பாலத்திலிருந்து போட்டிருக்கிறேன். நீங்களும் செய்திருப்பீர்கள். பூவும் இலையும் மண்ணுக்கே உரமாகும், செடியடியில் போடலாம். பை எந்த சாஸ்திரத்திலும் இல்லை.

அந்த இடத்தோடு திரும்பினோம். அப்பால் வாய்க்கால் பொழியூர் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகிறது. பல இடங்களில் தூர்ந்து, ஆக்கிரமிப்பாகிக் கிடக்கிறது. இத்தனைக்கும் 2016-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு 111 தேசிய நீர்வழிகளை அறிவித்ததே, அதில் இதுவும் ஒன்று. பூவாரிலிருந்து குழித்துறை தாமிரபரணியின் முகத்துவாரத்தில் உள்ள இரையுமன்துறை வரை, பதினோரு கிலோமீட்டர், இரண்டு மாநிலத்துக்கும் பொது. காகிதத்தில் தேசிய நீர்வழி. நேரில் என் துடுப்பு நகரவில்லை.

இது பூவார் சமாசாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரத்து அங்கத்தினர்களுக்குப் பார்வதி புத்தனாறு தெரியும். ராணி கௌரி பார்வதி பாய் ரீஜெண்டாக இருந்த காலத்தில் வெட்டியது. வள்ளக்கடவு என்ற பெயரே அங்கே வள்ளங்கள் வந்து நின்றதைச் சொல்கிறது. இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலம் தாண்டுகிறோம். சென்னைக்காரர்களுக்குப் பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த ஜனங்கள் வெட்டினார்கள். இன்று அதன் மேல் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் நம் குழந்தைகளைக் கேளுங்கள். அந்த ஊர் ஆறும் ஒரு காலத்தில் இதே நாற்றம்தான். 1977-ல் சுத்தம் செய்யத் தொடங்கி 1987-க்குள் முடித்தார்கள். பத்து வருஷம் விடாமல் செய்ததால் நடந்தது.

முடிக்கும் முன் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள். பாட்டு, வேத பாடம், கணக்கு எல்லாவற்றுக்கும் டியூஷன் வைக்கிறோம். இதற்கும் வையுங்கள், பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து. ‘தண்ணீர்ப் பக்கம் போகாதே’ என்று அம்மா சொன்னதில் அன்பு இருந்தது, பாதுகாப்பு இல்லை. போகிற குழந்தை போகத்தான் செய்யும்.

இரண்டாவது, எந்தப் படகில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகமானால் ஏறாதீர்கள். 2009-ல் தேக்கடியில் 45 பேர், 2023-ல் தானூரில் 22 பேர் போனார்கள். இரண்டும் உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் ஏறிய படகு. ‘கொஞ்ச தூரம்தானே’ என்று கூச்சப்படாதீர்கள்.

மூன்றாவது, ஊருக்குப் போகும்போது கோயிலோடு திரும்பிவிடாமல், உங்கள் ஊர் ஆற்றையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். நாம் காட்டாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் சாக்கடை.

கரைக்கு வந்து இறங்கியபோது கால் நடுங்கியது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டான். அதுவரை அவனுக்கு அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கே ஈர மணலில் உட்கார்ந்து சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அவர் பேர் என்ன தாத்தா?” என்றான். சொன்னேன். எங்கள் ஆத்தில் அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன மாசம் முதல் நான் வாரம் இரண்டு நாள் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். பக்கத்தில் எல்லாம் ஐந்து வயதுக் குழந்தைகள். இன்னும் மிதக்க வரவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்குள் வந்துவிடும் என்று வாத்தியார் சொல்கிறார்.