வீட்டு வளவில் ஒரு தேகப்பயிற்சிக் கூடம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்)



தேகபலத்தைப் பற்றிப் பேச எழுபவர் திருமூலரில் தொடங்கிச் சுவாமி விவேகானந்தரில் முடிப்பது இத்தகைய மேடைகளின் வழக்கம். அவ்விருவரையும் என்னிலும் நன்றாக அறிந்த பெரியோர்கள் முன்வரிசையில் வீற்றிருக்கிறார்கள். ஆகையால் நான் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தொடங்குகிறேன்.

2021ஆம் ஆண்டில் ஒரு விடியற்காலை. வீட்டில் நானும் அம்மம்மாவும் மாத்திரம் இருந்தோம். முகங்கழுவப் போனவர், ஈரத்தில் கால் மெல்லச் சறுக்கி, கிணற்றுக்கட்டைப் பிடித்தபடியே கீழே இருந்துவிட்டார். அடி ஒன்றும் படவில்லை; நோவும் இல்லை. எழும்பத்தான் முடியவில்லை. "தம்பி, ஒருக்காத் தூக்கிவிடு" என்றார். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. மறுபடியும் தூக்கினேன், நானும் அவரோடு சேர்ந்து இருக்கப் பார்த்தேன். அப்பொழுது எனக்கு உயர்தர வகுப்பு, பதினெட்டு வயது, நிறை 47 கிலோ. வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டு அக்காவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். வந்தார், குந்தினார், அம்மம்மாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழும்பினார். பிறகு என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மிஷன் பாடசாலையில் சிம்சோனின் சரித்திரத்தை வரி பிசகாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான் என்பதை அவருக்குச் சொல்லி ஆவதென்ன?

இடையில் ஒரு வார்த்தை. விழுந்தவருக்கு இடுப்பிலோ தொடையிலோ நோவிருந்தால், அல்லது காலை அசைக்க முடியாதிருந்தால், பலமுள்ளவர்களும் தூக்கக்கூடாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். இதனை நான் பின்னரே அறிந்தேன்.

அன்று முழுவதும் அந்த அக்காவின் பார்வை என் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் எந்தப் பயிற்சிக் கூடத்துக்குப் போனவர்? என் அப்பு துலா மிதித்தவர். வெயில் ஏறுமுன் தோட்டம் முழுவதற்கும் இறைத்து முடித்துவிடுவார் என்று அம்மம்மா சொல்லுவார். அவர் தலைமுறைக்குத் தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. வேலையே பயிற்சியாக இருந்தது. இன்று எங்கள் கிணற்றில் மோட்டர் இருக்கிறது. விரலால் ஓர் ஆளியை அமத்துகிறோம். துலாவுக்குத் திரும்புவோம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை மிதித்தவர்களின் முழங்காலைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். ஆனால் அந்த வேலை போனபோது அதனோடு சேர்ந்து போனது என்ன என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

நகரத்தில் பணங்கட்டிப் பழகும் கூடங்கள் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரவே மாலைப்பொழுது முடிந்துவிடும். வெளிநாட்டு இரும்பு வட்டுகளை வாங்கலாமென்றால், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்கள் விற்ற விலை உங்களுக்குத் தெரியும். ஆகவே வளவின் கோடியில் இருந்த பழைய மாட்டுக் கொட்டிலைக் கூட்டித் துப்புரவாக்கி, இருப்பதைக் கொண்டு ஒரு கூடம் அமைக்கத் துணிந்தேன். தம்பிமார் யாரேனும் அவ்வாறு செய்ய விரும்பினால் என் பிழைகளை மீண்டும் செய்யாதிருக்கட்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

முதலில் இடம். ஆள் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமும் அகலமும் போதும். நிலம் மட்டமாக இருக்க வேண்டும். கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும், நான் பார்க்கவில்லை. முதல் நாளே கையை உயர்த்தியபோது மின்குமிழ் உடைந்தது.

அடுத்தது தண்டு. போட்டிகளில் ஆண்கள் தூக்கும் தண்டு 20 கிலோ நிறையும் 2.2 மீற்றர் நீளமும் உடையது. பெண்களுடையது 15 கிலோ. தொடங்குபவனுக்கு அத்தனை வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயைப் பாவிக்கலாமென்று பலர் சொன்னார்கள். அது பாரம் ஏற ஏற வளையும், வளைந்தது நிமிராது. இரும்புக் கடையில் 25 மில்லிமீற்றர்ப் பருமனுள்ள, வரிகள் இல்லாத உருளைக் கம்பியில் இரண்டு மீற்றர் வாங்கினேன். கட்டிட வேலைக்காரர் கையாளும் அழகான கணக்கொன்று உண்டு: கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162ஆல் பிரித்தால், ஒரு மீற்றர் கம்பியின் நிறை கிலோவில் வரும். 25க்கு 3.86 வருகிறது, ஆக என் தண்டு ஏறக்குறைய 7.7 கிலோ. தராசில் வைத்தும் பார்த்தேன், கணக்குப் பொய்க்கவில்லை. அதில் 50 கிலோவுக்கு மேல் நான் ஏற்றியதில்லை.

வட்டுகளைச் சீமெந்தில் வார்த்தேன். கொங்கிறீற்றின் ஒரு லீற்றர் சுமார் 2.4 கிலோ நிறுக்கும். 30 சென்ரிமீற்றர் குறுக்களவும் 6 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள வட்டொன்று 10 கிலோ வரும்; 24 சென்ரிமீற்றரும் 5 சென்ரிமீற்றருமானால் 5 கிலோவுக்குச் சற்று மேல். பிளாஸ்ரிக் பேசினை அச்சாகக் கொண்டு, உள்ளே எண்ணெய் பூசி, நடுவில் தண்டு நுழையும் அளவான பிளாஸ்ரிக் குழாய்த் துண்டொன்றை நிறுத்தி வார்க்க வேண்டும். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சிறு சல்லி மூன்று. கலவைக்குள் கோழிவலைத் துண்டொன்றை வைத்தால் வெடிப்பு விட்டாலும் வட்டுச் சிதறாது. அச்சைக் கழற்றிய பின் ஏழு நாளாவது ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும்; நான்கு கிழமை செல்லுமுன் பாரத்துக்கு எடுக்கக்கூடாது. என் முதல் இரண்டு வட்டுகளும் மூன்றாம் நாளே இரண்டாகப் பிளந்தன. பொறுமை இல்லாதவனுக்குச் சீமெந்து நல்ல ஆசிரியர்.

தண்டைத் தாங்குவதற்கு இரண்டு பூவரசங் கவர்த்தடிகளை, 20 லீற்றர்ப் பெயின்ற் வாளிகளில் நிறுத்திக் கொங்கிறீற் போட்டேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அந்தர் வந்தது, தள்ளினாலும் சாயாது. அவற்றின் மேல்தான் என் பெரிய பிழை நடந்தது. ஒருநாள் பயிற்சி முடிந்து, ஒரு பக்கத்திலிருந்த 15 கிலோவையும் ஒரேயடியாகக் கழற்றினேன். மற்றப் பக்கத்துப் பாரம் தண்டைக் கவிழ்த்தது. கழற்றிய முனை மேலே சுழன்று வந்து அம்மாவின் பித்தளைக் குடத்தை நசுக்கியது. என் தம்பியின் கால் அங்கிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. பௌதிக வகுப்பில் திருப்பம் பற்றிய கணக்குகளுக்கெல்லாம் சரியான விடை எழுதியவன்தான் இதனைச் செய்தேன். அன்றிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி ஒவ்வொரு வட்டாகவே கழற்றுகிறேன். வட்டுகள் நழுவாதபடி, றப்பர்க் குழாய் இறுக்கும் கிளிப்புகளை இரு முனையிலும் முடுக்குகிறேன். மல்லாந்து படுத்துத் தண்டை நெஞ்சுக்குமேல் உயர்த்தும் பயிற்சியைத் தனியாக ஒருவரும் செய்யலாகாது. கை சோர்ந்தால் அது கழுத்தில் வந்து நிற்கும். முதுகில் மணல்மூடை வைத்துத் தண்டால் எடுத்தால் அதே தசைகள் அதே வேலையைச் செய்யும், ஆபத்தும் இல்லை.

மணல்மூடையைத்தான் எல்லாவற்றிலும் மேலான கருவியாக நான் மதிக்கிறேன். இரண்டு பொலித்தீன் பைகளில் காய்ந்த மணலை அடைத்து உரப்பையில் இட்டுக் கட்டினால் முடிந்தது. ஒரு லீற்றர் காய்ந்த மணல் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதற்குப் பிடி இல்லை. கையில் நில்லாது, சரியும். மனிதரைத் தூக்குவதும் அப்படித்தான். பிடிபோட்ட இரும்பைத் தூக்குபவன் மூடையை அணைத்து எழும்ப முதலில் திணறுவான்.

இனி, எப்படிப் பழகுவது? கிரேக்கருக்குள் குரோட்டன் நகரத்து மைலோ என்ற மல்லன் ஒரு கன்றை நாள்தோறும் தூக்கினான் என்றும், அது எருதாகும்வரை தூக்கிக்கொண்டே இருந்தான் என்றும் பழங்கதை உண்டு. கதையை நம்ப வேண்டியதில்லை. அதன் உட்பொருளை 1945ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோர்ம், போரில் காயமுற்ற வீரர்களின் கால்களில் மெய்ப்பித்துக் காட்டினார். அதுவரை காயம்பட்ட காலுக்கு இலேசான அசைவுகளையே பலமுறை கொடுத்து வந்தார்கள். அவர் பாரமான எடையைச் சில முறை தூக்கவைத்து, பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். இன்றும் முறை அதுவே. குந்தி எழும்புதல், நிலத்திலிருந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், தலைக்குமேல் உயர்த்துதல் என்னும் ஐந்தும் போதும். எட்டு முதல் பன்னிரண்டு தரம் வீதம் மூன்று சுற்று. கிழமையில் இரண்டு மூன்று நாள். பன்னிரண்டும் இலகுவாக வந்தால் இரண்டரைக் கிலோ கூட்டு. நிலத்திலிருந்து எடுக்கும்போது முதுகை வளையாமல் இடுப்பை மடித்து, பாரத்தைக் காலோடு ஒட்டி எடுக்க வேண்டும். நான் முதல் மூன்று மாதமும் வெறுந்தண்டோடும் மூடையோடுமே பழகினேன்.

பெற்றோர்க்கு மூன்று பயங்கள் உண்டு. பாரந்தூக்கினால் உயரம் வளராது என்பது ஒன்று. முறையாக, தெரிந்தவர் மேற்பார்வையில் பழகும் பிள்ளைகளின் வளர்ச்சி அதனால் தடைப்படுவதாகச் சான்று இல்லை. படிப்புக் கெடும் என்பது இரண்டாவது. கிழமையில் மூன்று மணித்தியாலம் படிப்பைக் கெடுக்குமானால் கைத்தொலைபேசியைப் பற்றி என்ன சொல்வது? மூன்றாவது, இது சண்டியர் வேலை என்பது. இதற்கு விடை சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஏனெனில் பழகுபவர்களிற் சிலர் கண்ணாடி முன்னின்று கையை மடக்கிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஜெர்மனியிற் பிறந்த இயூஜின் சாண்டோ 1905ஆம் ஆண்டளவில் இந்தியாவெங்கும் பலங்காட்டிச் சுற்றினார். தமிழகத்தில் கையில்லாப் பனியனுக்கு இன்றும் அவர் பெயர்தான். பலத்தை விட்டுப் பனியனை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது.

உணவைப் பற்றிக் கேட்பவர் பலர். பேணியில் வரும் மாக்களை நான் வாங்கவில்லை. வாங்க வசதியும் இல்லை. எங்கள் வீடு மரக்கறி வீடு. பயறு, கடலை, உளுந்து, பருப்பு, பால், தயிர், சோயா இவையே. காய்ந்த பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டினால் போதும் என்பது என் அனுபவம்.

பெரியோர்களே, இது பொடியன்மாரின் காரியம் என்று நீங்கள் எண்ணக்கூடாது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில், பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை அடுத்த பத்துப் பேருக்கு, மருத்துவர் மேற்பார்வையில், எட்டுக் கிழமை கால்களுக்குப் பாரப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுவரை பழகியவர்களின் தொடைத்தசைப் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் எல்லா வளர்ந்தோரும் கிழமையில் இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்த வேண்டும் என்கிறது. அறுபத்தைந்தைக் கடந்தோர்க்கு, விழாமலிருக்கும் பொருட்டு, நிலைதளராமை, பலம் இரண்டுக்குமான பயிற்சியைக் கிழமையில் மூன்று நாள் விதிக்கிறது. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். மூச்சை அடக்கித் தூக்கலாகாது.

இதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வெள்ளைக்காரக் கிழவிக்கு வேறு வேலை இல்லை" என்றார். ஆயினும் விறாந்தை நாற்காலியில் இருந்து எழும்பிப் பார்க்கச் சம்மதித்தார். முதல் நாள் என் கையைப் பிடித்து மூன்று தரம். ஒரு மாதத்தில் கை பிடியாமல் ஐந்து தரம். பிறகு, இருக்கையில் வைத்த தலையணை ஒன்றை எடுத்துவிட்டேன். அதைக் களவு என்று சொல்லி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இப்பொழுது இரண்டு கையிலும் ஒவ்வொரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலோடு பத்துத் தரம் எழும்புகிறார். கிணற்றடியில் சாந்து பூசிச் சொரசொரப்பாக்கி, பிடித்து எழும்பக் கம்பி ஒன்றும் நட்டிருக்கிறோம். சென்ற தைப்பொங்கலன்று முற்றத்தில் சப்பாணி கொட்டி இருந்து பானைக்கு அரிசி இட்டவர், நான் கைகொடுக்கப் போகுமுன், நிலத்தில் ஒரு கையை ஊன்றித் தாமாகவே எழும்பினார். அயல்வீட்டு அக்கா அங்கே நின்றார். இம்முறை அம்மம்மாவைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

என்னிடம் இரண்டு பேசின் அச்சுகளும் குழாய்த் துண்டுகளும் இருக்கின்றன. வேண்டியவர்கள் கொண்டுபோய் வார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். கோழிவலையும் கொஞ்சம் உண்டு. அரை மூடை சீமெந்து மீந்து கிடக்கிறது. மாரி தொடங்குமுன் வருபவர்களுக்கு அது உதவும், பிந்தினால் கட்டிபட்டுவிடும்.