நீரிழிவும் விழித்திரையும்



கண் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே கண்ணுக்குக் குறையில்லை என்று நீரிழிவுள்ளோர் பலர் எண்ணுகின்றனர். கேடு இவ்வெண்ணத்திலேயே தொடங்குகிறது. விழித்திரையில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளன. குருதியில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்து நின்றால் அவற்றின் சுவர் நலிந்து கசியும், சில அடைபடும். அடைபட்ட இடத்தில் புதிய குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை, எளிதில் உடைந்து கண்ணுக்குள் குருதியைக் கொட்டும். அதுவரையில் வலியில்லை, சிவப்பில்லை. பலருக்குப் பார்வைக் குறைவுகூடத் தோன்றுவதில்லை.

இதனைத் தடுக்கலாம் என்பது எவ்வாறு அறியப்பட்டது? 1972இல் அமெரிக்காவில், தேசியக் கண் நிறுவனத்தின் ஆதரவில், 15 மருத்துவ மையங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. இந்நோய் முற்றியிருந்த 1,700க்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் ஒளிக்கதிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றது அவ்வாறே விடப்பட்டது. எந்தக் கண்ணுக்கு என்பதை, சீட்டுக் குலுக்கியது போன்ற முறையே முடிவு செய்தது. அச்சிகிச்சை கண்ணைக் காக்குமா, கெடுக்குமா என்று அந்நாளில் மருத்துவர்களுக்கே உறுதியில்லை. அறிந்தே தம் கண்களை ஆய்வுக்கு ஒப்படைத்தவர்கள் அவர்கள்.

விடை 1976இல் வெளியாயிற்று. சிகிச்சை பெறாத கண்களில் இரண்டாண்டுக்குள் நூற்றுக்கு 16 அளவில் பார்வை பெரிதும் அழிந்திருந்தது. பெற்ற கண்களில் 6 அளவே. உடனே விதி திருத்தப்பட்டு, விடப்பட்டிருந்த கண்களில் ஆபத்து மிகுந்தவற்றுக்கும் சிகிச்சை அளிக்க வழி செய்யப்பட்டது.

ஒளிக்கதிர் எஞ்சிய பார்வையைக் காக்குமேயன்றி இழந்ததை மீட்டுத் தராது. இரவுப் பார்வை சிறிது குறையவும் கூடும். இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகளும் உள்ளன. ஆயினும் சர்க்கரையை அடக்குதலே முதற்காப்பு. இளமையில் இன்சுலின் ஊசியைச் சார்ந்த 1,441 பேரிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், சர்க்கரையை நெருங்கிக் கட்டுப்படுத்தியவர்களுள் விழித்திரை பழுதற்றிருந்தோர்க்கு இந்நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக்கொள்வது விழித்திரைச் சோதனை ஆகாது. நடுவயதுக்குப்பின் நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள் அப்பொழுதே ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீரிழிவுள்ள பெண்கள் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே காட்டுதல் நன்று. நோன்பு நாட்களில் மாத்திரையையும் ஊசியையும் தாமே நிறுத்துவோர் உளர். அதனை மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும். சோதனைக்காகச் சொட்டு மருந்திட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாயிருக்கும், வண்டி ஓட்டலாகாது. பெரியவர்களைத் தனியே அனுப்பாமல் வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் உடன் சென்று அழைத்து வரலாம்.