வானம் யாருடையது?



புறநானூற்றின் 27ஆம் பாட்டில், செலுத்துவார் எவருமின்றிச் செல்லும் வானவூர்தியொன்று வருகின்றது. அப்புலவர் கண்ட வானத்தில் எல்லைக்கல்லும் இல்லை, சுங்கச்சாவடியும் இல்லை. மனிதன் மெய்யாகவே பறக்கத் தலைப்பட்டபோது அவ்வானத்திற்கு நேர்ந்தது என்ன என்பதே என் பேச்சின் பொருள்.

1783 ஆகஸ்டு 27ஆம் நாள் பாரிசிலிருந்து ஆளின்றி விடப்பெற்ற பலூன் ஒன்று, கோனெஸ் என்னும் சிற்றூரில் விழுந்தது. அதனைப் பூதமெனக் கருதிய உழவர்கள் கவைக்கோலால் குத்திக் கிழித்தனர். அஞ்சவேண்டா என்று அரசு மக்களுக்கு அறிவிப்பு விடுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாரிசுக் காவல்துறை, இசைவு பெறாது பலூன் பறக்கவிடலாகாது என ஆணையிட்டது. தீயேற்றிய பலூன் ஊரை எரித்துவிடும் என்று அஞ்சினர். ஆக, பறத்தல் பற்றிய சட்டம் கீழே வாழ்வோரின் அச்சத்தில் பிறந்தது. அது நியாயமான அச்சமே.

வானத்திற்கு உரிமையாளர் யார் என்னும் வினா பின்னரே வலுத்தது. 1906இல் கென்ட் நகரிற் கூடிய பன்னாட்டுச் சட்ட அறிஞர் கழகம், காற்றுவெளி கட்டற்றது என்றது. தற்காப்புக்கு வேண்டும் அளவே அரசுகளுக்கு உரிமை என்றது. சட்டம் கவிதையின் குரலிற் பேசிய காலம் அது. மூன்றே ஆண்டுகளில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். கடலே அரண் என்னும் நம்பிக்கை தகர்ந்தது. 1910இல் பாரிசிற் கூடிய அரசுகள் உடன்பாடு காணாமற் கலைந்தன. பின்னர்ப் போர் வந்தது. வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. 1919 அக்டோபர் 13இல் கையொப்பமான பாரிசு உடன்படிக்கை, தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளி முழுவதும் அந்தந்த அரசின் தனியாட்சிக்கு உரியது என முடிவு கட்டியது. பதின்மூன்றே ஆண்டுகளில் பொதுவெளி வேலியிட்ட புன்செய் ஆயிற்று.

எனினும், ஊர்திக்குத் தகுதிச் சான்றிதழும் விமானிக்கு உரிமமும் வேண்டும் என்றதும் அதே உடன்படிக்கைதான். அமெரிக்காவில் 1926இல் வந்த வான்வாணிபச் சட்டத்தை வானூர்தித் தொழிலாரே விரும்பிக் கேட்டனர். விபத்துக்கு அஞ்சுபவர் ஏறமாட்டார் என்பதை அவர்கள் அறிவர். முதல் உரிமத்தை ஆர்வில் ரைட்டுக்கு வழங்க அரசு முன்வந்தது. தாம் இனிப் பறப்பதில்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். நம் நாட்டின் 1934ஆம் ஆண்டுச் சட்டமோ, வானூர்திக்கு வரையறை கூறுகையில் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டது!

ஆக, இரு விதிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பயணியின் உயிரைக் காப்பது. மற்றொன்று வானத்தை உடைமையாக்குவது. இரண்டும் மோதினால் என்னாகும்? 1983 செப்டம்பர் முதல் நாள், வழிதவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்த கொரியப் பயணியர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். பறக்கும் பயணியர் விமானத்தின்மீது படைக்கலம் ஏவலாகாது என்னும் விதியைப் பன்னாட்டு உடன்படிக்கையிற் சேர்க்க, அதன் பின்னர், 1984இல்தான், நாடுகள் இசைந்தன.

கவிஞர்களே, விதி என்றாலே சிறை என்று எழுதிவிடுகிறோம். சான்றிதழ் கேட்ட விதி சிறகை ஒடிக்கவில்லை. எளியவரையும் அச்சமின்றி ஏறச்செய்தது. வேலியிட்ட விதியையே நாம் வினவவேண்டும். அவ்வேறுபாடு அறிந்து பாடுங்கள்.