எழுத்துக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

(வளர்கல்வி மையத்தில் கற்போருக்காக ஆற்றிய உரை)

முதலில் ஒரு கேள்வி. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. திடீரென்று விளக்கு அணைந்துவிட்டது. கடுகு வேண்டும். என்ன செய்வீர்கள்? வீடு முழுவதும் தேடுவீர்களா? மாட்டீர்கள். கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். இருட்டிலும் விரல் சரியாகக் கடுகில் விழும். கடுகுக்கு ஓர் இடம். சீரகத்துக்கு ஓர் இடம். வெந்தயத்துக்கு ஓர் இடம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறீர்கள். அதனால் தேட வேண்டிய வேலை இல்லை.

அதே வீட்டில் இன்னொரு காட்சி. குழந்தையின் தடுப்பூசி அட்டை எங்கே? வரி கட்டிய ரசீது எங்கே? போன மாதம் அதிகாரியிடம் கொடுத்த மனுவின் நகல் எங்கே? உடனே டிரங்குப் பெட்டி கவிழ்கிறது. பாயைத் தூக்கிப் பார்க்கிறார்கள். வீட்டில் சண்டை வருகிறது. கடுகுக்கு இடம் உண்டு. காகிதத்துக்கு இடம் இல்லை!

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டீர்கள். அது பெரிய காரியம். இனி அடுத்த படி ஒன்று இருக்கிறது. எழுதியதை ஒழுங்காக வைக்க வேண்டும். வேண்டும்போது உடனே எடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்ட சில பெண்கள் வட இந்தியாவில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேளுங்கள்.

அடிபம்பு கற்றுத் தந்த பாடம்

புந்தேல்கண்ட் என்று ஒரு பகுதி. உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பரவிக் கிடக்கிறது. பாறை நிறைந்த பூமி. அடிக்கடி வறட்சி வரும். அங்கே உத்தரப் பிரதேசத்தில் பாந்தா என்ற மாவட்டம் இருக்கிறது. அதைப் பிரித்து 1997-ஆம் ஆண்டில் சித்திரகூட் மாவட்டத்தை உண்டாக்கினார்கள்.

தண்ணீர் சுமப்பது யார்? எல்லா ஊரையும் போல அங்கேயும் பெண்கள்தான். ஊருக்கு உயிர் அடிபம்பு. அது பழுதானால் டவுனிலிருந்து ஆள் வர வேண்டும். வரும் வரை காத்துக் கிடக்க வேண்டும்.

1980-களின் இறுதியில் மத்திய அரசு 'மகிளா சமாக்யா' என்ற பெண்கள் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டம் பாந்தாவுக்கும் வந்தது. கிராமத்துப் பெண்கள் அடிபம்பு பழுது பார்க்கப் பழகினார்கள். ஸ்பேனர் பிடித்தார்கள். குழாயைக் கழற்றி மேலே இழுத்தார்கள். தேய்ந்த வாஷரை மாற்றினார்கள். அவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது.

வேலை பெருகியது. அதனுடன் ஒரு சிக்கலும் வந்தது. எந்த ஊர்ப் பம்பு? என்ன பழுது? எந்தச் சாமான் போட்டது? எந்தத் தேதி? ஒரு பம்பு என்றால் மனதில் வைக்கலாம். இருபது பம்பு என்றால்? பதிவேடு வேண்டும். பதிவேடு எழுத எழுத்து வேண்டும். இப்படித்தான் அந்தப் பெண்களுக்கு எழுத்தின் மேல் ஆசை வந்தது. கையில் இருந்த வேலைதான் பாடம் படிக்கச் சொன்னது.

'செய்தி அலைகள்'

எழுதப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? 1990-களில் 'மகிளா டாக்கியா' என்ற சிறு பத்திரிகை அங்கே வந்தது. பெண் தபால்காரர் என்று பொருள். கிராமத்துப் பெண்களே அதில் எழுதினார்கள்.

பிறகு 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை பிறந்தது. செய்தி அலைகள் என்று பொருள். சித்திரகூட் மாவட்டத்தின் கர்வி என்ற சிறு நகரில் அது தொடங்கியது. டெல்லியில் உள்ள 'நிரந்தர்' என்ற கல்வி அமைப்பு துணை நின்றது. ஒரு சில பெண்கள்தான் இருந்தார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள். சிலர் வயது வந்த பிறகே எழுத்துக் கற்றவர்கள். அவர்களே செய்தி சேகரித்தார்கள். அவர்களே எழுதினார்கள். அச்சானதும் அவர்களே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். பேச்சு வழக்கான புந்தேலி மொழியில் எழுதியதால் ஊர் மக்களுக்கு எளிதில் புரிந்தது.

2009-ஆம் ஆண்டில் இந்த முயற்சிக்கு யுனெஸ்கோவின் 'மன்னர் செஜோங்' எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. புதிதாக எழுத்துக் கற்றவர்களின் கையெழுத்து உலகத்தின் கண்ணில் பட்டது.

பரிசு வந்தது சரி. தினமும் அவர்கள் செய்த வேலை என்ன? கேட்டார்கள், எழுதினார்கள், பிரித்தார்கள், சரிபார்த்தார்கள். இந்த நான்கும்தான் செய்தி வேலை.

புலம்பலும் செய்தியும்

ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அடிபம்பு ஓடவில்லை. ஒரு பெண் அலுவலகம் போகிறார்.

"ஐயா, பம்பு ரொம்ப நாளா ஓடலைங்க."

"எந்தப் பம்பு அம்மா? எந்தத் தேதியிலிருந்து? யாரிடம் சொன்னீர்கள்?"

அந்தப் பெண்ணுக்குப் பதில் வரவில்லை. "சரி, பார்க்கலாம், போய் வாருங்கள்" என்கிறார் அதிகாரி. அந்தப் பெண் சொன்னது பொய்யா? இல்லை. வெயிலில் இரண்டு குடம் சுமந்த கழுத்து வலி பொய்யாகுமா? ஆனால் அந்த உண்மைக்குத் தேதி இல்லை. எண் இல்லை. ஆதாரம் இல்லை. அதனால் அது புலம்பலாகப் போய்விட்டது.

இன்னொரு பெண் போகிறார். கையில் ஒரு நோட்டு.

"ஐயா, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பம்பு. மார்ச் 3-ஆம் தேதி நின்றது. 32 குடும்பம் அதை நம்பி இருக்கிறது. மார்ச் 5-ஆம் தேதி மனு கொடுத்தோம். இதோ நகல். இது மூன்றாவது தடவை."

இப்போது பம்பு உடனே சரியாகிவிடுமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பும் வழி அடைபட்டது. அந்தப் பெண்ணைச் சும்மா திருப்பி அனுப்ப முடியாது.

செய்தி எழுதுவோர் ஆறு கேள்விகள் கேட்பார்கள். என்ன? எங்கே? எப்போது? யார்? ஏன்? எப்படி? இந்த ஆறுக்கும் பதில் இருந்தால் புலம்பல் செய்தியாகும்.

ஐந்து அறைகள்

சேகரித்த தகவலை அப்படியே கொட்டி வைத்தால் பயன் இல்லை. கடுகும் வெந்தயமும் கலந்தால் எப்படிச் சமைப்பது? ஆகவே நோட்டில் ஐந்து அறைகள் வையுங்கள்.

முதல் அறை, பார்த்தது. உங்கள் கண்ணால் கண்டதை மட்டும் இங்கே எழுதுங்கள். பம்பின் கைப்பிடி உடைந்திருக்கிறது என்று எழுதலாம். யார் உடைத்தார் என்று பார்க்கவில்லை என்றால் எழுதக் கூடாது.

இரண்டாம் அறை, கேட்டது. பிறர் சொன்னது இங்கே வரும். சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாம் அறை, காகிதம். மனு, ரசீது, பதிவேட்டின் நகல் எல்லாம் இங்கே.

நான்காம் அறை, இன்னும் கேட்க வேண்டியது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்களா? இங்கே குறித்து வையுங்கள். 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது பழமொழி. தீர விசாரிக்கும் வேலை இந்த அறையில் நடக்கிறது.

ஐந்தாம் அறை, வெளியில் சொல்லக் கூடாதது. இதற்குப் பூட்டு வேண்டும். ஒரு பெண் தன் துன்பத்தை உங்களை நம்பிச் சொல்கிறார். அந்தப் பெயர் வெளியே போனால் உயிருக்கே ஆபத்து வரலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதைச் சட்டமும் தடுக்கிறது. எழுதத் தெரிந்தவருக்கு எதை எழுதாமல் விடுவது என்றும் தெரிய வேண்டும்.

நோட்டிலிருந்து செல்போனுக்கு

காலம் மாறியது. கபர் லஹரியா 2013-ஆம் ஆண்டில் இணையத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் அச்சுப் பத்திரிகை நின்றது. பெண்கள் செல்போனில் படம் பிடித்துச் செய்தி சொல்லத் தொடங்கினார்கள்.

புதுக் கருவி என்றால் பயம் வரும். தவறாக அழுத்தினால் கெட்டுப் போகுமோ? செல்போனில் வரும் ஆங்கில எழுத்துப் புரியுமோ? அந்தப் பெண்களிலும் சிலர் இப்படித் தயங்கினார்கள். ஸ்பேனரைப் பார்த்தும் முன்பு பெண்கள் தயங்கியிருப்பார்கள். பேனாவைப் பார்த்தும் தயங்கியிருப்பார்கள். கையில் எடுத்துப் பழகினால் பயம் போகும்.

ஆனால் செல்போன் ஒரு பெரிய மூட்டை. ஆயிரம் படம் கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் அது ஏதோ ஓர் எண்ணைப் பெயராக வைக்கும். ஆறு மாதம் கழித்து எந்தப் படம் எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்? இதற்கு எளிய வழிகள் உண்டு.

ஓர் இடத்துக்குப் போனதும் முதலில் ஊர்ப் பெயர்ப் பலகையைப் படம் எடுங்கள். அடுத்து வரும் படங்கள் எந்த ஊர் என்று அதுவே சொல்லும்.

படத்துக்குப் பெயர் வையுங்கள். முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு தேதி, கடைசியில் பொருள். மாதத்தையும் தேதியையும் இரண்டு இலக்கத்தில் எழுதுங்கள். '2025-03-05 பம்பு மனு' என்று வைக்கலாம். இப்படி வைத்துப் பெயர் வரிசையில் பார்த்தால் பழையதும் புதியதும் தேதிப்படி நிற்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் செல்போனில் ஓர் 'ஃபோல்டர்' திறக்கலாம். அது ஓர் உறை போன்றது. தண்ணீருக்கு ஓர் உறை. பள்ளிக்கு ஓர் உறை.

முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள். செல்போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போய்விடும்.

பிறர் அனுப்பிய செய்தியை உடனே தள்ளிவிடாதீர்கள். அது இரண்டாம் அறை. விசாரித்த பிறகே வெளியே போகட்டும்.

அரசாங்கத்துக்கும் அறைகள் உண்டு

இந்த ஒழுங்கு உங்களுக்கு மட்டுமா? இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 4-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அரசு அலுவலகங்கள் தங்கள் பதிவேடுகளை முறையாக வகைப்படுத்தி, அட்டவணை போட்டு வைக்க வேண்டும் என்கிறது. அங்கேயும் அஞ்சறைப் பெட்டி வேண்டும் என்பது சட்டம்!

நீங்கள் விண்ணப்பம் கொடுத்துத் தகவல் கேட்கலாம். சாதாரணமாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். 'பம்பு ஏன் ஓடவில்லை?' என்று கேட்டால் மழுப்பலாகப் பதில் வரலாம். 'பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள பம்புக்கு மார்ச் 3-க்குப் பிறகு என்ன பழுது பார்த்தீர்கள்? எவ்வளவு செலவு? பதிவேட்டின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். இப்படிக் கேட்க உங்கள் நோட்டு ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் பெட்டி சரியாக இருந்தால்தான் அவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்ல முடியும்.

இன்றே தொடங்கலாம்

ஒரு 80 பக்க நோட்டு போதும். பக்கங்களுக்கு எண் போடுங்கள். முதல் இரண்டு பக்கத்தைக் காலியாக விடுங்கள். அது பொருளடக்கம். உள்ளே எழுத எழுத, எது எந்தப் பக்கம் என்று அங்கே குறியுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே தேதியும் ஊரும் போடுங்கள். பிழை வந்தால் வரட்டும். எழுத்துப் பிழையை நாளைக்குத் திருத்தலாம். எழுதாமல் விட்ட தேதியை நாளைக்கு எங்கே போய்த் தேடுவது?

பாந்தாவின் பெண்கள் முதலில் பம்பைப் பற்றி எழுதினார்கள். பிறகு ஊரைப் பற்றி எழுதினார்கள். பிறகு நாடே அவர்கள் எழுதியதைப் படித்தது. தொடக்கத்தில் இருந்தது ஒரு பதிவேடு. அதில் ஒரு தேதி, ஒரு பழுது. உங்கள் ஊரிலும் ஒரு பம்பு இருக்கிறது. ஒரு பள்ளி இருக்கிறது. ஒரு சாலை இருக்கிறது. இன்று இரவு அடுப்பை அணைத்த பிறகு நோட்டைத் திறங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் முக்கியமான காகிதங்கள் எங்கே இருக்கின்றன? எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

2. உங்கள் ஊரில் உள்ள ஒரு குறையைச் சொல்லுங்கள். அதற்கு ஆறு கேள்விகளையும் கேட்டு, பதில்களை எழுதுங்கள்.

3. நேற்று கேட்ட ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். அது ஐந்து அறைகளில் எந்த அறைக்குப் போகும்?