பழைய கம்ப்யூட்டரை விக்கிறதுக்கு முன்னாடி

போன எபிசோடுல பேக்கப் பத்திப் பேசினோம். ஃபைல் எல்லாம் பத்திரமா இருந்தும் மாட்டிக்கிட்ட ஒருத்தரோட கதை இன்னைக்கு.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எர்ணாவூர்ல என் மாமா ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் ஷாப் வெச்சிருக்கார். ஒரு பிளாஸ்மா கட்டிங் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அன்னைக்கு உள்ள வந்தது வெறும் தண்ணி இல்ல, எண்ணெய் கலந்த தண்ணி. சுவத்துல அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கு. மெஷினைக் கழுவித் துடைச்சு ஓட்டிட்டாங்க, கம்ப்யூட்டர் போச்சு.

டிராயிங் எல்லாம் பென் டிரைவ்ல இருந்ததால மாமா பெருசா கவலைப்படல. புது கம்ப்யூட்டர் வாங்கி நெஸ்டிங் சாஃப்ட்வேரைப் போட்டார். அதாவது, ஒரு இரும்பு பிளேட்டுல துண்டுகளை எப்படி அடுக்கி வெட்டினா வேஸ்ட் கம்மியாகும்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேர். கீ அடிச்சா, ‘வேற கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருக்கு’ன்னு வருது. சப்போர்ட்டுக்கு போன் பண்ணா, “பழைய மெஷின்ல டீஆக்டிவேட் பண்ணிட்டு வாங்க சார்”ங்கிறாங்க. செத்தவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்ன கதைதான்.

பில், சீரியல் நம்பர், நனைஞ்ச கம்ப்யூட்டரோட போட்டோ எல்லாம் அனுப்பி, அவங்க அதை ரிலீஸ் பண்ண ஒன்பது நாள் ஆச்சு. அதுவரைக்கும் மாமா சாக்பீஸ்ல கோடு போட்டுத்தான் வெட்டினார். ஒரு ஆர்டர் கைவிட்டுப் போச்சு.

உள்ள என்னதான் நடக்குது? ஆக்டிவேட் பண்ணும்போது மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு மாதிரி பாகங்களோட நம்பரை எல்லாம் சேர்த்து, சாஃப்ட்வேர் உங்க மெஷினுக்கு ஒரு கைரேகை எடுக்கும். கம்பெனி சர்வர்ல உங்க கீ பக்கத்துல அது பதிவாகிடும். டீஆக்டிவேட் பண்றதுன்னா அந்தப் பதிவை எடுக்கிறது. அன்இன்ஸ்டால் பண்ணா பெரும்பாலும் அது போகாது. ஃபார்மேட் பண்ணா கேட்கவே வேணாம், நீங்க ஃபார்மேட் பண்ணதே சர்வருக்குத் தெரியாது.

டேலி வெச்சிருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். அதுல இதுக்குப் பேரே ‘சரண்டர்’. டேலி பிரைம்ல எஃப்1 ஹெல்ப், செட்டிங்ஸ், லைசன்ஸ்னு போனா இருக்கும். அடோபி கிரியேட்டிவ் கிளவுட்ல ஒரு அக்கவுண்ட்டை ரெண்டு கம்ப்யூட்டர்ல ஆக்டிவேட் பண்ணலாம். பழசு செத்தே போனாலும் வெப்சைட்ல உள்ள போய் அதை எடுத்துடலாம், அந்த வகையில நிம்மதி. விண்டோஸ் வேற கதை. தனியா வாங்கின ரீடெயில் காப்பின்னா புது மெஷினுக்குக் கொண்டு போகலாம். கம்ப்யூட்டரோடயே வந்த ஓஇஎம் காப்பின்னா அந்த மெஷினோட முடிஞ்சது.

இதை இப்ப ஏன் சொல்றேன்னா, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் நின்னுடுச்சு. நிறைய பேர் மெஷின் மாத்துற நேரம். ரிச்சி ஸ்ட்ரீட்ல எக்ஸ்சேஞ்ச் போடப் போறீங்கன்னா, பவர் கார்டைப் பிடுங்குறதுக்கு முன்னாடி நெட் கனெக்ஷனோட உட்கார்ந்து ஒவ்வொண்ணா டீஆக்டிவேட் பண்ணிடுங்க. சீரியல் நம்பரையும் பில்லையும் மெயில்ல போட்டு வைங்க. அதே கம்ப்யூட்டர்ல மட்டும் வெச்சுடாதீங்க, ப்ளீஸ்.

மாமா இப்ப இடுப்பு உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்டு அடிச்சு அது மேலதான் கம்ப்யூட்டரை வெச்சிருக்கார். நியூஸ்ல ரெட் அலர்ட்டுன்னா போதும், டீஆக்டிவேட் பண்ணிட்டு, ஷட்டரை இறக்கிட்டு, எனக்கு ஒரு போன் போடுவார்: “பண்ணிட்டேன்டா.”